இரண்டு தொலைதூர ஊர்களுக்கு இடையே வான்வழித் தூரம் கணக்கிடுவது எப்படி? சென்னை – லண்டன் கணக்கோடு முழுமையான வழிகாட்டி

சென்னையிலிருந்து லண்டன் வான்வழியில் எத்தனை கிலோமீட்டர்? 8,217 என்றும் சொல்லலாம், 8,234 என்றும் சொல்லலாம். 8,480, 8,893 என்றும் சொல்ல முடியும். நான்கும் சரியான கணக்குத்தான். ஆனால் நான்கும் வேறு வேறு கேள்விக்கான விடைகள். புதிதாகக் கணக்குப் போடுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது பெருக்கலில் அல்ல, எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்று முதலில் முடிவு செய்யாததில்தான்.

அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். ஒவ்வொரு படிக்கும் சென்னை – லண்டன் எண்களையே போட்டிருக்கிறோம். உங்கள் ஊர்களின் எண்களை அந்த இடத்தில் வைத்தால் போதும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சைன், காஸ், டேன் பொத்தான்கள் உள்ள கால்குலேட்டர். போனில் இருக்கும் கால்குலேட்டரைப் படுக்கவாட்டில் திருப்பினால் பலவற்றில் இவை வந்துவிடும். எக்செல்லும் ஆகும்.

இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை. இரண்டு தசம இடங்கள் போதும்.

ஒரு பூகோள உருண்டை, ஒரு முழம் நூல். இது விளையாட்டுக்குச் சொன்னதல்ல. எட்டாவது படியில் தேவைப்படும்.

1. எந்தத் தூரம் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

வான்வழித் தூரம் என்ற ஒரே பேரில் மூன்று விஷயங்கள் புழங்குகின்றன.

முதலாவது, பெருவட்டத் தூரம். பூமியின் மேற்பரப்பில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வழி. உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்தால் அது படியும் கோடு. விமானத் தாமத நஷ்டஈட்டுச் சட்டங்கள் இதைத்தான் கேட்கின்றன. மற்ற கணக்குகளும் இதிலிருந்தே தொடங்குகின்றன.

இரண்டாவது, பறந்த தூரம். விமானம் நிஜமாகத் தரைக்கு மேலே கடந்து போன பாதையின் நீளம். மூடிய வான்பரப்பு, புயல், இறங்குவதற்கு முன் போடும் வட்டம் எல்லாம் இதில் சேரும். ஒரே வழித்தடத்தில்கூட நாளுக்கு நாள் மாறும்.

மூன்றாவது, கணக்குக்காகக் கூட்டிய தூரம். விமானப் பயணத்தின் கார்பன் உமிழ்வைக் கணக்கிடுகிறவர்கள் பெருவட்டத் தூரத்தோடு ஒரு கூடுதலைச் சேர்த்துக்கொள்வார்கள். மேலே பார்த்த 8,893 இந்த வகை.

பெருவட்டத் தூரத்தை முதலில் எடுங்கள். மற்ற இரண்டும் அதன் மேல் கட்டுபவை. அடித்தளம் தப்பினால் எது தப்பு என்றே பிறகு கண்டுபிடிக்க முடியாது.

2. ஊரை விட்டுவிட்டு விமான நிலையத்தைப் பிடியுங்கள்

"லண்டன்" என்று தேடினால் வரைபடம் நகரின் நடுவே ஒரு குண்டூசியைக் குத்தும். விமானம் இறங்குவதோ ஹீத்ரோவிலோ கேட்விக்கிலோ. சென்னையிலிருந்து ஹீத்ரோவுக்கு 8,234 கி.மீ., கேட்விக்குக்கு 8,217 கி.மீ. தொடக்கத்தில் பார்த்த முதல் இரண்டு எண்கள் இப்படி வந்தவைதான். கொழும்பு என்று போட்டாலும் இதே கதை. சர்வதேச நிலையம் நகருக்கு வடக்கே சுமார் 30 கி.மீ. தள்ளிக் கட்டுநாயக்கவில் இருக்கிறது.

மூன்றெழுத்துக் குறியீட்டைக் கொண்டு தேடுவது பாதுகாப்பு. சென்னைக்கு எம்ஏஏ, ஹீத்ரோவுக்கு எல்எச்ஆர். எல்ஓஎன் என்பது லண்டன் நகரத்துக்கான பொதுக் குறியீடு. அதை வைத்தால் எந்த நிலையம் என்று தெரியாது.

இன்னொரு பொறி, பெயர் ஒற்றுமை. கனடாவின் ஒன்டாரியோவில் ஒரு லண்டன் உண்டு, அதற்கும் ஒரு விமான நிலையம் உண்டு. நோவா ஸ்கோஷியாவில் ஒரு சிட்னி உண்டு. தூரம் கணக்கிடும் தளங்கள் சில நேரம் இவற்றில் ஒன்றைக் கேட்காமலேயே எடுத்துக்கொள்ளும். நாட்டின் பெயரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

3. அட்சரேகை, தீர்க்கரேகையைத் தசமத்துக்கு மாற்றுங்கள்

நமக்கு வேண்டிய எண்கள் இவை:

சென்னை: அட்சரேகை 12.99 வடக்கு, தீர்க்கரேகை 80.17 கிழக்கு.
ஹீத்ரோ: அட்சரேகை 51.47 வடக்கு, தீர்க்கரேகை 0.45 மேற்கு.

ஒரு டிகிரி அட்சரேகை ஏறக்குறைய 111 கி.மீ. அப்படியானால் இரண்டாம் தசம இடம் 1.1 கி.மீ. ஒரு ஓடுபாதையே மூன்று கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்போது ஆறு தசம இடங்களைச் சுமப்பதில் அர்த்தமில்லை.

பழைய பட்டியல்கள் டிகிரி, நிமிடம், விநாடி என்று கொடுக்கும். 51 டிகிரி 28 நிமிடம் 12 விநாடி என்றிருந்தால் நிமிடத்தை 60 ஆலும் விநாடியை 3,600 ஆலும் வகுத்துக் கூட்டுங்கள்: 51 + 0.4667 + 0.0033 = 51.47. அவசரத்தில் இதை 51.2812 என்று எழுதிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. 21 கி.மீ. அங்கேயே போய்விடும். விடை பார்வைக்குச் சரியாகவே இருப்பதால் யார் கண்ணிலும் படாது.

அடுத்து, குறி. வடக்கும் கிழக்கும் கூட்டல், தெற்கும் மேற்கும் கழித்தல். ஹீத்ரோவின் தீர்க்கரேகை −0.45. அந்தக் கழித்தல் குறியை விட்டுவிட்டால் விடை 8,172 ஆகிவிடும். 62 கி.மீ. குறைவு, கண்டுபிடிப்பது கஷ்டம்.

இதே தவற்றை நியூயார்க்கில் செய்தால் தானே காட்டிக்கொடுத்துவிடும். கென்னடி நிலையம் 40.64 வடக்கு, 73.78 மேற்கு. சென்னையிலிருந்து சரியான தூரம் சுமார் 13,476 கி.மீ. குறியை விட்டால் 3,137 கி.மீ. என்று வரும். காரணம், நீங்கள் நியூயார்க்கைத் தூக்கிக் கிர்கிஸ்தான் மலைகளில் வைத்துவிட்டீர்கள்.

4. கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா என்று பாருங்கள்

சைன் 30 அழுத்துங்கள். 0.5 வந்தால் டிகிரியில் இருக்கிறது. −0.988 வந்தால் ரேடியனில் (கோணத்தை அளக்கும் இன்னொரு அலகு) இருக்கிறது, மாற்றிக்கொள்ளுங்கள். பத்து விநாடி வேலை. பத்துப் பேரில் பாதிப்பேர் இதைச் செய்யாமல்தான் "ஃபார்முலா தப்பு" என்பார்கள்.

எக்செல்லுக்கு டிகிரி தெரியாது, ரேடியன் மட்டுமே தெரியும். ஒவ்வொரு கோணத்தையும் ரேடியனாக்கும் சார்புக்குள் (RADIANS) போட்டுத்தான் சைனுக்கோ காஸுக்கோ கொடுக்க வேண்டும். நான்கில் மூன்றுக்குப் போட்டு ஒன்றை மறந்தாலும் அது எச்சரிக்கை எதுவும் தராது. ஏதோ ஒரு விடையைத் தந்துவிடும்.

5. கோணத்தைக் கண்டுபிடியுங்கள்

பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் இரண்டு ஊர்களும் எத்தனை டிகிரி விலகி இருக்கின்றன? அது தெரிந்தால் தூரம் கைக்கு வந்த மாதிரி. அதற்கான சூத்திரம்:

காஸ்(விலகல்) = சைன்(அ1) × சைன்(அ2) + காஸ்(அ1) × காஸ்(அ2) × காஸ்(தீ)

அ1, அ2 இரண்டும் அட்சரேகைகள். தீ என்பது தீர்க்கரேகைகளின் வித்தியாசம். இங்கே 80.17 − (−0.45) = 80.62.

துண்டு துண்டாக எழுதிக்கொண்டு போங்கள். மொத்தத்தையும் ஒரே மூச்சில் தட்டினால் எங்கே தவறினோம் என்று தெரியாது.

சைன் 12.99 = 0.22478
சைன் 51.47 = 0.78228
இரண்டின் பெருக்கம் = 0.17584

காஸ் 12.99 = 0.97441
காஸ் 51.47 = 0.62292
காஸ் 80.62 = 0.16298
மூன்றின் பெருக்கம் = 0.09893

கூட்டினால் 0.27477. இதன் காஸ் இன்வர்ஸ், அதாவது எந்தக் கோணத்தின் காஸ் இது என்று கேட்டால் வரும் விடை, 74.05 டிகிரி.

தீர்க்கரேகை வித்தியாசம் 180ஐத் தாண்டினால் என்ன செய்வது என்று கேட்பார்கள். சிட்னிக்கும் லாஸ் ஏஞ்சலிஸுக்கும் 269 டிகிரிக்கு மேல் வரும், தேதிக்கோட்டைத் தாண்டுகிற பாதை. ஒன்றும் செய்ய வேண்டாம். 360லிருந்து கழித்தாலும் கழிக்காவிட்டாலும் காஸ் மதிப்பு ஒன்றுதான்.

இதற்குப் பதிலாக ஹேவர்சைன் சூத்திரத்தைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். பக்கத்து ஊர்களுக்கு அந்த அறிவுரை சரி. மிகக் குறுகிய தூரத்தில் காஸ் மதிப்பு 1ஐ ஒட்டிவிடும். ஐந்து தசம இடங்களோடு வேலை செய்தால் 0.99999க்கும் 1க்கும் இடையே 28 கி.மீ. மறைந்துவிடும். தொலைதூர ஊர்களுக்கு அந்தக் கவலை இல்லை. மேலே உள்ள 0.27477இல் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் தூரம் மாறுவது சுமார் 66 மீட்டர்தான். சிக்கலான சூத்திரத்தை எடுத்துக் கூடுதலாக இரண்டு இடங்களில் தவறுவதைவிட இது மேல்.

6. டிகிரியைக் கிலோமீட்டராக்குங்கள்

பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. அந்த ஆரத்துக்கு ஒரு டிகிரி 111.195 கி.மீ.

74.05 × 111.195 = 8,234 கி.மீ.

எக்செல்லில் காஸ் இன்வர்ஸ் ரேடியனில் வரும், இங்கே 1.2924. அதை நேராக 6,371ஆல் பெருக்க வேண்டும். விடை அதே 8,234.

இந்த இரண்டு வழிகளையும் கலந்துவிடுவது அடிக்கடி நடக்கும். டிகிரியை 6,371ஆல் பெருக்கினால் 4,71,000 கி.மீ.க்கு மேல் வரும். நிலாவே அதைவிடப் பக்கம். ரேடியனை 111.195ஆல் பெருக்கினால் 144 கி.மீ. வரும், பாண்டிச்சேரிக்குப் போகிற தூரம்.

பூமி சரியான உருண்டை இல்லையே என்பார்கள். உண்மைதான். நிலநடுக்கோட்டில் ஆரம் 6,378, துருவத்தில் 6,357. உருண்டை என்று வைத்துக் கணக்கிடுவதால் வரும் பிழை அதிகபட்சம் அரை சதவீதம் அளவில் இருக்கும், இந்தப் பாதைக்கு 40 கி.மீ. அதுவும் உச்சவரம்புதான். நில அளவைத் துல்லியம் வேண்டுமென்றால் வின்சென்டி 1975இல் தந்த முறை இருக்கிறது. ஆனால் பூமியின் நேரெதிர்ப் பக்கங்களில் உள்ள புள்ளிகளுக்கு அது விடை தராமல் சுற்றிக்கொண்டே இருக்கலாம். பயணத் திட்டத்துக்கு அதெல்லாம் வேண்டாம்.

விமானம் 11 கி.மீ. உயரத்தில் போகிறதே, அந்த வட்டம் பெரிதல்லவா? பெரிதுதான், 14 கி.மீ. கூடும். விட்டுவிடலாம்.

7. மைல் என்றால் எந்த மைல் என்று கேளுங்கள்

8,234 கி.மீ. என்பது 5,116 சாதாரண மைல். கடல் மைலில் 4,446. ஒரு சாதாரண மைல் 1.609 கி.மீ., ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.

விமானிகளும் விமானத்தின் எட்டும் தூரம் பற்றிய தொழில்நுட்பத் தாள்களும் கடல் மைலில் பேசுவார்கள். பயணப் புள்ளித் திட்டங்களில் மைல் என்றால் சாதாரண மைல். இரண்டையும் மாற்றி எடுத்தால் 15 சதவீதம் பிசகும். "இந்த விமானம் அவ்வளவு தூரம் போகாதே" என்ற வாதங்களில் பாதி இங்கேதான் பிறக்கின்றன.

8. நூலைப் பிடித்துச் சரிபாருங்கள்

30 செ.மீ. விட்டமுள்ள பூகோள உருண்டையின் சுற்றளவு 94.2 செ.மீ. அதில் ஒரு சென்டிமீட்டர் 425 கி.மீ. நூலின் ஒரு முனையைச் சென்னையிலும் மறுமுனையை லண்டனிலும் வைத்து விறைப்பாக இழுத்துப் பிடியுங்கள். தொய்வு இருந்தால் அளவு கூடிவிடும். அந்த நீளத்தை ஸ்கேலில் வைத்தால் 19.4 செ.மீ. அளவில் வர வேண்டும். 18இலிருந்து 21க்குள் வந்தால் கணக்கில் பெரிய தவறு இல்லை. 23 வந்தால் மூன்றாம் படிக்குத் திரும்பிப் போங்கள்.

வேறு இரண்டு சோதனைகளும் உண்டு. பூமியில் எந்த இரண்டு இடங்களுக்கும் இடையே 20,015 கி.மீ.க்கு மேல் இருக்க முடியாது. அதைத் தாண்டினால் யோசிக்கவே வேண்டாம், தவறு. கூகுள் மேப்ஸில் கணினியில் வலது கிளிக் செய்து தூரம் அளக்கும் வசதியை எடுத்து இரண்டு ஓடுபாதைகளையும் தொட்டால் வரும் எண்ணும் உங்கள் விடையும் அரை சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும்.

பள்ளி ஞாபகத்தில் பிதாகரஸ் போடுகிறவர்களும் உண்டு. அட்சரேகை வித்தியாசம் 38.48, தீர்க்கரேகை வித்தியாசம் 80.62, இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்து 111ஆல் பெருக்குவது. விடை 9,900க்கு மேல் போய்விடும். 1,700 கி.மீ. அதிகம். நிலநடுக்கோட்டில் 111 கி.மீ. இருக்கும் ஒரு தீர்க்கரேகை டிகிரி, லண்டனின் அட்சரேகையில் 69 கி.மீ.தான் இருக்கிறது. பிதாகரஸுக்கு அது தெரியாது.

9. அந்தக் கோடு எந்த நாடுகள் மேல் போகிறது என்று பாருங்கள்

தூரம் மட்டும் வேண்டுமென்றால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். விமானம் நிஜமாகப் பறக்கும் தூரம் வேண்டுமென்றால் தாண்ட முடியாது.

சுவரில் மாட்டும் தட்டையான வரைபடத்தில் சென்னைக்கும் லண்டனுக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது குறுகிய வழி ஆகாது. வழக்கமான மெர்கேட்டர் வரைபடத்தில் அந்த நேர்கோடு காம்பஸில் (வடக்கு 0, கிழக்கு 90 என்று எண்ணினால்) 300 டிகிரியைப் பிடித்துக்கொண்டு திசை மாறாமல் போகும் பாதை. அதன் நீளம் சுமார் 8,480 கி.மீ. தொடக்கத்தில் சொன்ன மூன்றாவது எண் இதுதான்.

பெருவட்டப் பாதையில் திசை மாறிக்கொண்டே இருக்கும். சென்னையிலிருந்து 320 டிகிரியில் கிளம்பி, லண்டனை 269 டிகிரியில், அதாவது கிட்டத்தட்ட நேர் மேற்கு நோக்கி அடையும். திரும்பி வரும்போது பாருங்கள்: சென்னை லண்டனுக்கு 38 டிகிரி தெற்கே இருக்கிறது, ஆனாலும் ஹீத்ரோவிலிருந்து குறுகிய வழி 89 டிகிரியில், நேர் கிழக்கே தொடங்குகிறது. இருக்கைத் திரையில் வரைபடத்தைப் பார்த்து "ஏன் சுற்றிப் போகிறார்கள்" என்று கேட்பவர்களுக்கு விடை இது.

இந்தக் கோட்டில் எந்தத் தீர்க்கரேகையில் எந்த அட்சரேகை வரும் என்று கண்டுபிடிக்க ஒரு சூத்திரம் போதும். டேன்(வேண்டிய அட்சரேகை) = [டேன்(அ1) × சைன்(தீ2 − தீ) + டேன்(அ2) × சைன்(தீ − தீ1)] ÷ சைன்(தீ2 − தீ1). இதில் தீ1 சென்னை, தீ2 லண்டன், தீ நீங்கள் கேட்கும் தீர்க்கரேகை. 40 கிழக்குக்குப் போட்டால் டேன் மதிப்பு 0.9727, அட்சரேகை 44.2 வடக்கு.

பத்துப் பத்து டிகிரியாகப் போட்டால்: 70 கிழக்கில் 24.0 (கட்ச் ரண் பகுதி), 60இல் 32.7 (கிழக்கு ஈரான்), 50இல் 39.4 (பாகுவுக்குத் தெற்கே, காஸ்பியன் ஓரம்), 40இல் 44.2 (சோச்சிக்கு வடக்கே, தென் ரஷ்யா), 30இல் 47.6 (தெற்கு உக்ரைன்), 20இல் 49.9 (போலந்தின் கிராக்கோவ் பக்கம்). நடுவில் கோடு திபிலிசிக்குச் சற்று வடக்கேயும் எல்ப்ரூஸ் சிகரத்துக்குச் சற்றுத் தெற்கேயும் கெர்ச் நீரிணை மேலும் போகிறது.

பட்டியலைப் பார்த்ததுமே சிக்கல் எங்கே என்று தெரிந்துவிடும்.

10. மூடிய வானைச் சுற்றுங்கள்: துண்டுகளாகக் கணக்கிட்டுக் கூட்டுவது

2022 பிப்ரவரி 24இலிருந்து உக்ரைன் வான்பரப்பு பயணிகள் விமானங்களுக்கு மூடியிருக்கிறது. மறுநாளே ரஷ்யா பிரிட்டன் விமானங்களுக்குத் தன் வானை மூடியது. இந்தப் பக்கம், 2025 ஏப்ரல் 24இல் பாகிஸ்தான் இந்திய விமான நிறுவனங்களுக்கு வானை அடைத்தது. சில நாளில் இந்தியாவும் பதிலுக்கு அடைத்தது. ஆக ஒரே பாதையில் எந்த நாட்டு விமானம் என்பதைப் பொறுத்தும் தூரம் மாறும். கணக்கிடும் நாளில் எது மூடியிருக்கிறது என்று பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. சூத்திரம் அதைச் சொல்லாது.

முறை எளிது. விமானம் கட்டாயம் கடக்க வேண்டிய ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து, பாதையை இரண்டாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்து, ஆறாம் படிகளைச் செய்து கூட்டுங்கள்.

உக்ரைனுக்குத் தெற்கே விலகிப் போக இஸ்தான்புல்லை எடுத்துக்கொள்வோம், 41.26 வடக்கு, 28.74 கிழக்கு. சென்னை – இஸ்தான்புல் 5,868. இஸ்தான்புல் – ஹீத்ரோ 2,488. மொத்தம் 8,356. நேர்வழியைவிட 122 கி.மீ. மட்டுமே அதிகம்!

துபாய் வழியாக? துபாய் 25.25 வடக்கு, 55.36 கிழக்கு. சென்னை – துபாய் 2,933, துபாய் – ஹீத்ரோ 5,497. மொத்தம் 8,430. கூடுதல் 196 கி.மீ., கால் மணி நேரப் பறப்புகூட இல்லை. துபாயில் மாறிப் போகும் பயணம் நீளுவது தூரத்தால் அல்ல, நடுவில் உட்கார்ந்திருக்கும் மணிகளால்.

பல ஆயிரம் கிலோமீட்டர் பாதையில் பக்கவாட்டில் சில நூறு கிலோமீட்டர் விலகினாலும் மொத்த நீளம் கொஞ்சம்தான் கூடும். ஒரு நீண்ட முக்கோணத்தின் தட்டையான உச்சி அது. புதியவர்கள் இதை நம்பாமல் விலகலை அப்படியே இரண்டு முறை கூட்டிவிடுவார்கள். அது தவறு.

இங்கே செய்யும் இன்னொரு தவறு, புள்ளிகளை அதிகமாக வைப்பது. இரண்டோ மூன்றோ போதும். பத்துப் புள்ளி வைத்தால் உங்கள் கற்பனையைத்தான் அளக்கிறீர்கள்.

துண்டுகளைக் கூட்டிய பிறகு, புறப்படும்போதும் இறங்கும்போதும் ஓடுபாதைத் திசைக்காகச் சுற்றுவதையும் கணக்கில் எடுங்கள். நூறு கிலோமீட்டர் ஒதுக்கினால் சாதாரண நாளுக்குப் போதும். ஹீத்ரோவுக்கு மேலே வரிசையில் காத்திருந்து வட்டமடிக்கும் நாள் வேறு கணக்கு. ஆக இந்தப் பாதைக்கு 8,450 – 8,550 என்று வைத்துக்கொள்வது நியாயம்.

11. தூரத்தை நேரமாக்கும்போது

தொலைதூர ஜெட் விமானம் ஒலி வேகத்தில் 85 சதவீதத்தில் பறந்தால், அந்த உயரத்துக் குளிரில் அது மணிக்கு 900 கி.மீ. அளவு. 8,500ஐ 900ஆல் வகுத்தால் ஒன்பதரை மணிக்குச் சற்றுக் குறைவு. ஏறி இறங்கும் மெதுவான நேரத்துக்கும் தரையில் ஊர்ந்து போவதற்கும் முக்கால் மணி சேர்த்தால் பத்தேகால் வரும்.

பிறகு காற்று. இந்த உயரங்களில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்றுதான் அதிகம், குளிர்காலத்தில் இன்னும் வலுவாக. லண்டன் போகும்போது சராசரி 50 கி.மீ. எதிர்க்காற்று என்றால் தரைவேகம் 850, பறப்பு சரியாகப் பத்து மணி. திரும்பும்போது அதே காற்று தள்ளினால் 950, ஒன்பது மணிக்குச் சற்றுக் குறைவு. போகும் நேரமும் வரும் நேரமும் வேறாக இருப்பதற்குக் காரணம் பூமி சுழல்வதல்ல. காற்றுமண்டலமும் விமானமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கின்றன.

டிக்கெட்டிலிருந்து பின்னோக்கித் தூரம் கணக்கிடுகிறவர்களும் உண்டு. அதில் அச்சிட்ட இரண்டு நேரங்களும் அந்தந்த ஊர் நேரம். சென்னையில் காலை 5.30க்குக் கிளம்பி லண்டனில் 11.45க்கு இறங்குகிறது என்றால் பயணம் ஆறேகால் மணி அல்ல. கோடையில் வித்தியாசம் நாலரை மணி, ஆக 10 மணி 45 நிமிடம். அக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து மார்ச் கடைசி ஞாயிறு வரை ஐந்தரை மணி. தேதியைப் பார்க்காமல் கூட்டினால் ஒரு மணி நேரம், அதாவது 850 கி.மீ. தவறிவிடும். டிக்கெட் நேரத்தில் தாமதத்துக்கான தளர்வும் சேர்ந்தே இருக்கும் என்பதால் இந்தப் பின்னோக்கிய கணக்கை உத்தேசத்துக்கு மேல் நம்ப வேண்டாம்.

12. எந்த எண்ணை எங்கே கொடுப்பது

கார்பன் கணக்குக்கு: சர்வதேச சிவில் விமான அமைப்பின் முறையில் பெருவட்டத் தூரத்தோடு ஒரு நிலையான கூடுதல் சேரும். 550 கி.மீ.க்குக் கீழே 50, 5,500 வரை 100, அதற்கு மேல் 125. சென்னை – லண்டனுக்கு 8,359. பிரிட்டன் அரசின் கணக்கு முறையில் 8 சதவீதம் கூட்டுவார்கள், அப்போது 8,893. நீங்கள் பயன்படுத்தும் கருவி கூடுதலை ஏற்கெனவே சேர்த்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டு முறை சேர்ப்பதுதான் இங்கே வழக்கமான பிழை.

தாமத நஷ்டஈட்டுக்கு: ஐரோப்பிய ஒன்றியத்தின் 261 என்ற விதியும் பிரிட்டனின் அதே வடிவச் சட்டமும் பெருவட்ட முறையில்தான் அளக்கச் சொல்கின்றன. விமானம் எவ்வளவு சுற்றிப் போனது என்பது கணக்கில் வராது. ஐரோப்பிய நிலையங்களுக்கு இடையிலான பயணம் தவிர்த்தால் 1,500, 3,500 கி.மீ. இரண்டும்தான் எல்லைகள். நம்முடைய 8,234 கடைசிப் பிரிவில் வருகிறது: நீண்ட தாமதத்துக்கு ஐரோப்பிய விதியில் 600 யூரோ வரை, பிரிட்டனில் 520 பவுண்டு வரை. லண்டனிலிருந்து கிளம்பும்போது எந்த நிறுவனமானாலும் சட்டம் பொருந்தும். சென்னையிலிருந்து லண்டன் போகும்போது பிரிட்டன் அல்லது ஐரோப்பிய நிறுவனமாக இருக்க வேண்டும்.

இடையில் விமானம் மாறிய பயணத்துக்கு, ஒரே முன்பதிவாக இருந்தால், இரண்டு துண்டுகளையும் கூட்டிக் கொடுக்காதீர்கள். முதலில் ஏறிய நிலையத்துக்கும் கடைசியாக இறங்கும் நிலையத்துக்கும் இடையே நேர்ப் பெருவட்டத் தூரம்தான் கணக்கு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. துபாய் வழியாக வந்திருந்தாலும் படிவத்தில் எழுத வேண்டியது 8,234, 8,430 அல்ல.